வாசலுக்கு எடுத்துப் போன மானிட்டர்

எங்கள் ஊரில் பட்டுப் புடவை எடுக்கிற எந்தப் பெண்ணும் கடைக்குள் உட்கார்ந்தபடியே முடிவு சொல்லிவிட மாட்டாள். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவாள். வெயிலில் ஒரு முறை விரித்துப் பார்ப்பாள். கடைக்குள் எரியும் விளக்குகளின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை! திருச்சி சின்னக்கடை வீதியில் எப்போது நடந்தாலும் யாராவது இரண்டு பெண்கள் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தாலும் நகர மாட்டார்கள். நானும் அப்படி நின்று நின்றுதான் நிறம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கல்லூரியில் படித்தது வேறு என்னவோ.

பிறகு அந்தக் கண்ணே எனக்குத் தொழிலாயிற்று. புடவைக் கடைகள் இணையத்தில் போடும் படங்களை ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடியே திருத்திக் கொடுக்கிறேன். படம் எடுப்பவர் வேறொருவர். புடவையில் இருக்கும் நிறத்தைப் படத்திலும் வரவைப்பது என் வேலை. கேட்க எளிதாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், மயில்கழுத்து நிறம் ஒரு மனுஷியை எப்படிப் படுத்தும் என்று.

சின்னக்கடை வீதிக் கடைக்காரர் ஒருவர்தான் என் முதல் வாடிக்கையாளர், பெரிய வாடிக்கையாளரும் அவர்தான். போன வருடம் அவர் அனுப்பிய புடவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாவற்றுக்கும் ஒரே புகார்: போட்டோவில் பார்த்த நிறம் இல்லை. மிளகாய்ச் சிவப்பு என்று ஆசைப்பட்டு வாங்கியவளுக்கு அரக்கு போய்ச் சேர்ந்திருந்தது. கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"இந்தத் தீபாவளிக்கு நீங்களே பண்ணுங்க. இதுலயும் திரும்பி வந்துச்சுன்னா சென்னையில ஒருத்தர்கிட்ட கொடுத்துடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். சமையலைக் குறை சொன்னால் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். கண்ணைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். கோளாறு என் கண்ணில் இல்லை, லேப்டாப்பில் இருக்கிறது என்றேன். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். எதையும் சாவகாசமாகத்தான் சொல்வார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா இருக்கே" என்றார். அன்று மாலை அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலா என்று பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. என் கல்யாண அரக்குப் புடவையை ஜன்னலோரம் விரித்துப் படம் எடுத்தேன். அதை லேப்டாப்பிலும், அவருடைய பழைய கம்ப்யூட்டரிலும், என் போனிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே புடவை மூன்று நிறத்தில் இருந்தது. என் லேப்டாப் எதைக் காட்டினாலும் கொஞ்சம் நீலத்தைக் கலந்தே காட்டுகிறது. அதைச் சரிக்கட்ட நான் ஒவ்வொரு படத்திலும் சிவப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். "கோணல்தான்" என்று ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை மானிட்டர் வாங்கக் கிளம்பினோம். என் சம்பாத்தியத்தில்தான் வாங்கப் போகிறேன் என்பதைப் பஸ்ஸிலேயே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

தில்லை நகர்க் கடையில் சுவர் நீளத்துக்கு மானிட்டர்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கிளி ஒரே மாதிரி சிறகடித்துக்கொண்டிருந்தது. என் கணவர் இருப்பதிலேயே பெரியதின் முன்னால் போய் நின்றுவிட்டார். "என்னா பளபளப்பு பாரு" என்றார். விற்பனையாளரும் ஒத்து ஊதினார். "ஃபோர் கே மேடம். கேம் விளையாடினா தூள் கிளப்பும்."

நான் பையிலிருந்து அரக்குப் புடவையை எடுத்தேன். விற்பனையாளர் ஒரு கணம் திகைத்துப் போனார். கம்ப்யூட்டர் கடைக்குக் கல்யாணப் புடவையோடு வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பென் டிரைவில் இருந்த படத்தை மானிட்டரில் போடச் சொல்லி, புடவையைப் பக்கத்தில் பிடித்தேன். பார்த்தால், படம் இருக்கட்டும், புடவையே சரியில்லை. கடையின் வெள்ளை விளக்கில் என் அரக்கு வெந்த பீட்ரூட் மாதிரி ஆகியிருந்தது.

உடம்பில் ஊறிய பழக்கம் சும்மா இருக்குமா? "வாசலுக்கு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

"புடவையைத்தானே மேடம்?"

"மானிட்டரையும்."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நீளமான வயர் ஒன்றைத் தேடிப் பிடித்து, மேஜையோடு மானிட்டரைத் தூக்கி வந்து வாசல் வெயிலில் வைத்தார்கள். புடவையை விரித்தேன். நிறம் பிரமாதமாக வந்தது. மானிட்டரைப் பார்த்தேன். அதில் நான் இருந்தேன். என் பின்னால் டீக்கடை இருந்தது, டீக்கடைக்கு முன்னால் எங்களை வேடிக்கை பார்க்கும் நான்கைந்து பேர் இருந்தார்கள். புடவைப் படத்தை மட்டும் காணோம்.

கணவர் சிரித்த சிரிப்பு உறையூர் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் விட மனம் வரவில்லை. விளக்கில் புடவை பொய் சொல்கிறது, வெயிலில் மானிட்டர் வாயே திறக்கவில்லை. இரண்டும் உண்மை பேசுகிற இடம் ஒன்று வேண்டும். கடைக்குள் திரும்பிச் சுற்றிப் பார்த்தேன். மாடிப்படி திரும்பும் இடத்தில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. வெளிச்சம் வந்தது, வெயில் வரவில்லை. "அங்கே வைங்க" என்றேன். எரிச்சல் தாங்காமலோ ஆர்வத்தினாலோ, இந்த முறை முதலாளியே வந்து மேஜைக்கு ஒரு கை கொடுத்தார்.

பளபளப்பு மானிட்டர் அங்கே தோற்றது. என் அரக்கு அதில் குங்குமமாகக் கூச்சலிட்டது. அடுத்ததில் ஜரிகை பச்சையடித்தது. "இன்னொண்ணு இருக்கு மேடம், பார்க்க டல்லா இருக்கும். பிரிண்டிங் பிரஸ்காரங்க மட்டும்தான் கேப்பாங்க" என்று தயங்கித் தயங்கி மூன்றாவதைக் கொண்டு வந்தார்கள். இருபத்தேழு அங்குலம், அதுவும் ஃபோர் கே. படத்தைப் போட்டார்கள். புடவையின் ஓரத்தைத் திரையின் ஓரத்தோடு சேர்த்துப் பிடித்தேன். துணி எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். லேப்டாப்பில் ஒரே மஞ்சள் பட்டையாகத் தெரிந்த ஜரிகை, இதில் இழை இழையாகப் பிரிந்து நின்றது. புடவையின் கட்டம் போட்ட உடல் பகுதியில், லேப்டாப்பில் தண்ணீர் மாதிரி ஓடிய பொய் நெளிவும் இதில் இல்லை. "இதுதான்" என்றேன். கணவர் சிரிக்கவில்லை. குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உன் கண்ணு கண்ணுதான்" என்றார். பத்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னைப் புகழ்ந்ததையெல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது.

திரையின் மேல் உட்காரவைத்து நிறத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றையும் சேர்த்து வாங்கினேன். நாளாக ஆக மானிட்டரின் நிறம் பிசகும். அப்போது அளந்து திருத்திக்கொள்ளலாம். வீட்டில் என் அறைச் சுவர் ரோஜா நிறத்தில் இருந்தது. அது திரையில் விழுந்து கண்ணைக் கெடுத்ததால் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னேன். "தீபாவளிக்கு யாராவது சாம்பல் பூசுவாங்களா?" என்று எதிர் வீட்டம்மா கேட்டார். நான் பூசுவேன் என்றேன்.

திருத்திய படங்களைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் சுளித்தார். "என்னங்க, சோபையே இல்லையே! கொஞ்சம் ஏத்துங்க. பார்க்கிறவங்க மயங்க வேணாமா?" மயங்கி வாங்கியவர்கள்தானே தெளிந்ததும் திருப்பி அனுப்பினார்கள் என்று நான் கேட்டேன். ஒவ்வொருவர் போனும் ஒவ்வொரு மாதிரி காட்டும் என்றார். என் பக்கம் சரியாக இருந்தால் அவர்கள் பக்கம் கொஞ்சம்தான் பிசகும், என் பக்கமே தப்பானால் எல்லாமே தப்பு என்றேன். அவர் அரைமனதாகப் படங்களை இணையத்தில் போட்டார். புடவை திரும்பி வந்தால் இந்த வேலை என் கையில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தீபாவளி நெருங்கியபோது ஒரு நாள் அவரிடமிருந்து போன் வந்தது. "முசிறியிலேர்ந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. நம்மகிட்ட இணையத்துல வாங்கின அரக்குப் புடவையைக் கையோட கொண்டு வந்திருக்காங்க. நீங்களும் கொஞ்சம் வந்துட்டா நல்லது."

கட்டியிருந்த புடவையோடு பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. சாம்பல் சுவரும் எதிர் வீட்டம்மாவின் முகமும் மாறி மாறி நினைவுக்கு வந்தன. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தீபாவளிக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன்.

அந்த அம்மாள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். மடியில் புடவை இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தைரியம் வந்தவராக, "மாத்திக்கணுமாம்மா?" என்று கேட்டார்.

"மாத்தறதா? நல்லா கேட்டீங்க போங்க. இதைப் பார்த்துட்டு எம் மக, இதே கலர்ல தனக்கும் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குறா. அதான் நேர்லயே வந்தேன்."

கடைக்காரருக்கு உயிர் வந்தது. அலமாரியிலிருந்து அரக்குகளாக இறக்கினார். அதில் ஒன்றை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கம் போல வாசலை நோக்கி நடந்தார். "வாங்கம்மா, வெயில்ல ஒரு தடவை பார்த்துடுங்க."

"வெயில் எதுக்குங்க?" அந்த அம்மாள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "இதோட போட்டோ இருக்குமில்ல? அதைக் காட்டுங்க, போதும்."

கடைக்காரர் வாசற்படியில் புடவையோடு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, தன் போனில் நான் திருத்திய படத்தைத் திறந்து அந்த அம்மாள் கையில் கொடுத்தார். எனக்கு வந்த பெருமைக்குச் சின்னக்கடை வீதி போதவில்லை. வெளியே வெயில் நன்றாகவே காய்ந்துகொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.