தரை கழுவும் காட்சியும் தலைவரின் அவசரமும்

கடந்த ஞாயிறு பிற்பகல், ஈப்போவில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கோபம் வந்தது. வாசகர்களே, அது இன்னும் தணியவில்லை.

நம் சங்கமொன்று, உள்ளூர் இளைஞர்கள் எடுத்த திரைப்படம் ஒன்றைத் திரையிட்டது. ரப்பர்த் தோட்டத்தை விற்றுவிடுகிறார்கள். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தோரை வெளியேற்றுகிறார்கள். பாட்டில்லை, சண்டையில்லை. கடைசியில் எவரும் வந்து காப்பாற்றவும் இல்லை.

இறுதிக் காட்சி இது: மறுநாள் இடிக்கப்படவிருக்கும் வீட்டில் ஒரு பெண் தரையைக் கழுவுகிறாள். தண்ணீர் ஊற்றுகிறாள், தேய்க்கிறாள். வசனம் கிடையாது... கழுவிக்கொண்டே இருக்கிறாள்.

திடீரென்று மண்டபத்து விளக்குகள் எரிந்தன. திரை வெளிறிப்போயிற்று. சங்கத் தலைவர் மேடையேறிவிட்டார் — கையில் ஒலிவாங்கி!

"மன்னிக்கணும், படம் கொஞ்சம் சோகமா போயிருச்சு. யாரும் மனசுல வச்சிக்காதீங்க. இப்ப லக்கி டிரா! மொத பரிசு ரைஸ் குக்கர்லா!"

நம் சங்கங்களின் வழக்கம் இது. துக்கத்தோடு எவரையும் வீட்டுக்கு அனுப்பலாகாதாம். இரங்கல் கூட்டத்திலும் குலுக்கல் வைப்பார்களோ என்று அஞ்சுகிறேன்.

எனக்கு முன்வரிசையில் சரோஜா எழுந்தார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர்ப் பாலெடுக்க மரம் வெட்டியவர்; இப்போது ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் துப்புரவுப் பணி.

"தம்பி, லைட்ட அடைங்க."

"முடிஞ்சிருச்சுக்கா! ஒரு பொம்பள தரைய கழுவுறா, அவ்ளோதான்."

"அவ இன்னும் கழுவி முடிக்கலயே."

"நாளைக்கி இடிக்கிற வீட்ட எவளாச்சும் கழுவுவாளா? லாஜிக்கே இல்லலா!"

மண்டபம் சிரித்தது. சரோஜா சிரிக்கவில்லை.

"நான் கழுவுனேன். எங்க லயத்த காலி பண்ணச் சொல்லி லாரி வெளிய நிக்குது. பைத்தியமாடி ஒனக்குன்னு ஊட்டுக்காரரு கத்துறாரு. நான் கழுவுனேன். சாவுற வரைக்கும் அதச் சொல்லியே கேலி பண்ணாரு. அவ என்னா பண்றான்னு நான் முழுசா பாக்கணும்."

சிரிப்பு அடங்கிற்று. ஆயினும் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "டைம் இல்லக்கா..."

எழுபதைத் தாண்டியவன் பொதுவிடத்தில் கூச்சலிடுவது அழகன்று. கூச்சலிட்டேன்.

"தலைவரே, மொதல்ல கீழ எறங்குங்க!"

பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஆமாண்ணே, படத்தப் போடுங்க! ரைஸ் குக்கர் ஓடியா போயிரும்?" என்றார். விளக்குகள் அணைந்தன. அக்காட்சியை முதலிலிருந்து ஓட்டினார்கள்.

அப்பெண் கழுவி முடித்தாள். அழுக்கு நீரை வாசலுக்குத் தள்ளினாள். துணியைப் பிழிந்து கொடியில் காயப்போட்டாள். அவ்வளவே. சரோஜா நாற்காலியின் நுனியில் அமர்ந்து, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி நேரம் சிரிக்க வைத்த படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கார் நிறுத்துமிடத்தை அடைவதற்குள் கதை மறந்துவிடும். ஆறுதலென்று எதையும் தராத இத்தகைய படங்களோ, பல்லாண்டுகள் கழித்தும் நினைவை விட்டு அகல்வதில்லை. விந்தை என்னவெனில், இவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது எனக்கு நெஞ்சு கனப்பதில்லை — நடை நிமிர்கிறது. ஏன்? நம் வாழ்க்கையை யாரோ ஒருவர் பொய் கலக்காமல், முகம் திருப்பாமல் பார்த்துவிட்டார் என்பதனாலா? எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. இதைச் சோகம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்களே... என்ன திமிர்!

வாசலில் தலைவர் சரோஜாவை மறித்தார். "நான் அப்பவே சொன்னேன்லக்கா? மனசு கஷ்டமாயிருச்சா?"

"இல்ல தம்பி. இத்தன வருசமா நான் மட்டுந்தான் பைத்தியக்காரின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார் — வாய்விட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி.

எங்கள் மனம் நோகக்கூடாதென்று இத்தனை பதறும் தலைவர் பெருமக்களே... அந்த லாரி வந்து நின்ற அன்று எங்கே போயிருந்தீர்கள்?