எதிர்ச் சுவரின் வெள்ளைச் சட்டைக்காரன்

தையல்காரருக்கு அரைகுறை வேலையைக் கண்டாலே ஆகாது. அவர் கடைக்கு எதிர்ச் சுவரில், ஒரு கூட்டமே நின்று அரட்டையடிப்பதுபோல் ஆள் உயரத்துக்கு யாரோ ஓவியர் வரைந்துவிட்டுப் போயிருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், ஓரத்தில் நிற்கும் வெள்ளைச் சட்டைக்காரனின் நெஞ்சில் ஒரு பொத்தான் இல்லாததுதான்.

"இவ்வளவு வரைஞ்சவனுக்கு ஒரு பொத்தான் போடத் துப்பில்ல" என்று பக்கத்து டீக்கடைக்காரரிடம் தினமும் பொருமுவார்.

ஒருநாள் மத்தியானம் வெள்ளைச் சட்டையோடு ஓர் ஆள் கடை வாசலில் வந்து நின்றான். நெஞ்சில் பொத்தான் இல்லை.

"கழட்ட வேணாம் தம்பி, அப்படியே நில்லுங்க."

ஊசியில் கறுப்பு நூல்தான் இருந்தது. மாற்றச் சோம்பல்பட்டு அதிலேயே தைத்துவிட்டு, வழக்கம்போல் குனிந்து நூலைப் பல்லால் கடித்தார். கன்னம் அவன் நெஞ்சில் பட்டது. சில்லென்றிருந்தது, உள்ளே துடிப்பே இல்லை. நிமிர்ந்தால் ஆளைக் காணோம். உதட்டில் சுண்ணாம்பு கரித்தது.

மறுநாள் டீக்கடைக்காரர் சிரித்தார். "அண்ணே, உங்க புலம்பல் தாங்காம யாரோ பொத்தானை வரைஞ்சுட்டாங்க, பாருங்க!"

தையல்காரர் சுவர் அருகே போய்ப் பார்த்தார். கறுப்பு நூல். நுனியில் பல் பட்ட நசுங்கல்கூட அப்படியே இருந்தது.

"மானமே போச்சு" என்று முணுமுணுத்தார்.

அன்றிலிருந்து வெள்ளை நூல் கோத்த ஊசியோடு சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்று காலை அவனுடைய அடுத்த பொத்தான் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.