உலைக்கு வெளியே ஆசிர்

சித்தூர் டாக்டர் ஆசிர் கல்லை உருக்கப் பிறந்தவர். கல் உருகும்போது என்னென்ன வாயுக்களை விடும் என்று பார்ப்பதுதான் அவர் படித்த படிப்பு. வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களில் சில, கொதிக்கும் கற்குழம்பாகவே கிடக்கின்றனவாம். அங்கே போக வழியில்லாதவர்கள் இங்கே ஒரு கல்லை உருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த நியாயமான ஆசையோடுதான் அவர் திருப்பதியில் ஓர் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். மூன்று வருடமாகிறது. அவர் கையால் இதுவரை ஒரு கூழாங்கல்கூடச் சூடாகவில்லை.

காரணம், ஒருங்கிணைப்பு. வேற்றுக் கோள்களை ஆராய்வது ஒரு துறையால் ஆகிற காரியமல்ல. நட்சத்திரம் பார்ப்பவர், வாயுவை அளப்பவர், கல் தெரிந்தவர் எல்லோரும் கூட வேண்டும். கூடினால் பேச வேண்டும். பேசினால் சண்டை வரும். ஆகவே நடுவில் ஒருவர் தேவை. அந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்த காலையில் ஆசிர் வந்த பேருந்து சந்திரகிரி அருகே திருமலை பக்தர்களின் வண்டிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. கூட்டத்துக்கு வராதவரைத் தேர்ந்தெடுப்பது அறிஞர் பெருமக்களின் மரபு.

அவருக்குத் தகுதியும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. சித்தூரில் அவருடைய கிறிஸ்தவ சபையில் தமிழ் ஆராதனையும் தெலுங்கு ஆராதனையும் ஒரே கோயிலில், ஒன்று முடிந்து ஒன்று. தமிழ்ப் பிரசங்கம் நீளும்; தெலுங்குக்காரர்கள் வெயிலில் நிற்பார்கள். "உங்க பாதிரி ஐயரு வாயவே மூட மாட்டாரா?" என்று வெளியே பிறக்கும் கேள்வியை ஆசிர் உள்ளே கொண்டுபோய், "ஐயா, பிரசங்கம் வெளிய வரிக்கும் கேட்டுதாம்" என்று சேர்ப்பார். சபை இன்றுவரை பிளக்காமல் இருப்பது இந்தத் திருப்பணியால்தான்.

அதே கைத்திறனைத் திருப்பதியிலும் காட்டினார். வானியல் பூவராகவன், ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தின் குறுக்கே போகும் கோளின் காற்றில் நீராவியைக் கண்டிருந்தார். வேதியியல் பாலையாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. இருவர் அறையும் எதிரெதிரே. பேச்சு மட்டும் ஆசிர் வழியாக.

"ஆசிர் காரு, நட்சத்திரத்து மூஞ்சிலயே கரும்புள்ளி கீது. அந்தாளு பாத்த தண்ணி அந்தப் புள்ளியோடது. கண்ணாடிய மாத்தச் சொல்லுங்க" என்பார் பாலையா.

ஆசிர் எதிர் அறைக்குப் போய், "பாலையா சாருக்கு உங்க நட்சத்திரம் ரொம்பப் புடிச்சிப்போச்சு சார். புள்ளிகூட அழகா கீதுன்றாரு" என்பார்.

"ரசனைதான். ஆனா சட்டி கழுவறவருக்கு வானம் எதுக்கு?"

அது திரும்பி வரும்போது, "உங்க லேப்ப ஒருநாள் வந்து பாக்கணுமாம்" என்று ஆகியிருக்கும்.

மையத்தில் அமைதி நிலவியது. கட்டுரைதான் வரவில்லை.

இந்த நிலையில் மையத்துக்கு ஓர் உலை வந்திறங்கியது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்று அடுத்த கூட்டத்தில் முடிவாகும். ஒருவருக்கு இரண்டு பொறுப்பு கூடாது என்பது விதி. ஆசிர் விடுவிக்கச் சொல்லிக் கேட்டார். மையத் தலைவர் நந்திதா சிரித்தார். "நீங்க போனா அவங்க ரெண்டு பேரும் கடிச்சிக்குவாங்க சார்."

வீட்டில் மனைவி தபீதாள் பூண்டு உரித்தபடி வழி சொன்னாள்.

"கேட்டா வுட மாட்டாங்க. அவங்களே தொரத்தணும்."

"எப்பிடி தொரத்துவாங்க?"

"எங்க நைனா சபைக் கமிட்டிய வுட்டு எப்பிடி வந்தாரு? இவங்க சொன்னத அவங்களாண்ட அப்பிடியே சொன்னாரு. ஒரே வாரத்துல கழட்டி வுட்டாங்க."

"பாவம் இல்லியா தபீதா?"

"மூணு வருஷமா பூசி மெழுகிக்கினு இருந்தீங்களே, அப்ப எங்க போச்சு பாவம்?"

கூட்டத்தில் ஆசிர் எழுந்தார். ஜெபம் செய்வது போலக் கண்ணை மூடிக்கொண்டு, கரும்புள்ளியிலிருந்து சட்டி வரை, சொன்னவர் பெயரோடு அப்படியே ஒப்பித்தார்.

பூவராகவன் நாற்காலியைத் தள்ளினார். "நான் கண்ணாடி மாத்தணுமா?"

"மாத்துங்க! நான் சட்டி கழுவறேன், நீங்க கண்ணக் கழுவுங்க!"

நந்திதா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். ஆசிர் மனதுக்குள் தோத்திரம் பண்ணினார். சத்தம் ஏறியது, இறங்கியது, கடைசியில் பூவராகவன், "அது என்னய்யா புள்ளி?" என்றார்.

பாலையா பலகையில் வரைந்தே காட்டினார். அந்த நட்சத்திரத்தின் புள்ளிகள் ஆறிப்போனவை. அங்கேயே நீராவி தங்கும். கோள் வேறு பக்கமாகக் கடந்தாலும், புள்ளியின் நீராவி கோளின் கணக்கில் ஏறிவிடும். பூவராகவன் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்யா, இத மொதல்லியே சொல்லக் கூடாதா?"

"மொத வருஷமே சொன்னேனே!"

இருவரும் ஒருசேர ஆசிரைப் பார்த்தார்கள். அவருக்கு நம்பிக்கை பிறந்தது. இதோ, துரத்தப்போகிறார்கள்.

"மொத வருஷம் சொல்லியிருந்தா நான் ப்ராஜெக்ட்ட வுட்டே போயிருப்பேன்" என்றார் பூவராகவன் மெதுவாக. "நேரம் பாத்து ஒடச்சிருக்காரு. பக்குவம்!"

"இல்ல சார், தப்பு என்னுது. நான்தான் மாத்தி மாத்தி சொன்னேன். என்ன அனுப்பிடுங்க."

"அடக்கத்தப் பாருங்கய்யா!" என்றார் பாலையா.

நீராவி இல்லையென்றால் அந்தக் கோளில் என்னதான் இருக்கும்? கல்லை உருக்கிப் பார்த்துவிடலாம் என்று சரித்திரத்தில் முதல்முறையாக எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆசிரின் கை தானாக உயர்ந்தது. "நான் உருக்கறேன் மேடம்."

"உங்களுக்கு நேரமேது? அடுத்த மாசம் உயிரியல்காரங்களும் சேர்றாங்க. அவங்களுக்கு யாரு பேசுவா?" என்றார் நந்திதா. உலை அக்ஷயாவிடம் போனது. ஸ்ரீ சிட்டியில் ஓர் ஆலையில் உலை பார்த்தவர், சென்னைப் பெண். ஆசிர் முதன்மை ஒருங்கிணைப்பாளர் ஆனார். ஐந்து வருடத்துக்கு. கைதட்டல் வெகுநேரம் நீடித்தது.

உலை மூட்டிய அன்று அவர் அந்த அறையின் கண்ணாடி வழியே பார்த்தார். உள்ளே இருந்தது பிச்சாட்டூர்ப் பக்கம் அவரே பொறுக்கி வந்த கருங்கல். அக்ஷயா கதவைப் பாதி திறந்தார்.

"சார், உள்ள வராதீங்க, கோட்டு போடல. அப்புறம், அந்த பயாலஜிக்காரங்ககிட்ட சொல்லுங்க, இந்தப் பக்கம் தலை வெச்சிக்கூடப் படுக்கக் கூடாதுன்னு."

மழுப்பிச் சொன்னால் அமைதி காத்தவர் என்பார்கள். அப்படியே சொன்னால் பக்குவம் என்பார்கள். உள்ளே கல்லின் ஓரம் மெழுகாக வளையத் தொடங்கியது. நடையின் மறுகோடியில் யாரோ "ஆசிர் சார்!" என்று கூப்பிட்டார்கள்.

"வந்துக்கினே இருக்கேன்" என்றார் ஆசிர்.