கஸ்தூரிவேலுக்குப் பாய்ச்சிய தண்ணீர்

மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கூலிக்குக் கரும்பு வெட்டித்தான் தலையெடுத்தேன். இன்றைக்குக் கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, நல்ல கரும்பு யார் கழனியில் என்று கேளுங்கள். என் பக்கம்தான் கை காட்டுவார்கள். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

என் சம்சாரம் பிறந்தது கல்வராயன் மலையடிவாரத்தில், வானம் பார்த்த ஊர். அங்கே வரப்போரம் கஸ்தூரிவேல் என்று ஒரு முள்மரம் நிற்கும். மார்கழியில் மஞ்சள் உருண்டையாகப் பூக்கும். வாசனை தெருவரைக்கும் வரும். கிட்னி கெட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய ஆரம்பித்ததும் அவளுக்கு அந்தப் பூ மேல் ஆசை வந்துவிட்டது. அண்ணன் வீட்டு ஆட்டுப்பட்டியில் புழுக்கையைக் கிளறி விதை பொறுக்கி வந்தாள். ஆடு தின்று போட்ட விதைதான் சுருக்க முளைக்குமாம். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் ஊன்றினாள்.

"முள்ளு மரத்த வூட்டாண்ட வைக்கிறியே, இன்னா புத்தி இது?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. அதுக்குத் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க. டாக்டர் எனக்கு அளந்து குடுக்கச் சொன்ன தண்ணியே அதுக்கு ஜாஸ்தி."

மூன்று வருஷத்தில் ஆள் உயரம் தாண்டியது. பூ மட்டும் இல்லை. அந்த ஐப்பசியில் அவள் படுக்கையில் விழுந்தாள். தை தாண்டாது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்.

அதற்குள் பூக்க வைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். எனக்குத் தெரிந்தது கரும்பு வைத்தியம்தான். கழனிக்குப் போகிற தண்ணீரை மரத்தடிக்குத் திருப்பினேன். ரெண்டு கை யூரியாவும் போட்டேன். கருகருவென்று தழைத்தது. அப்புறம் இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது. தாகம் போல என்று இன்னும் பாய்ச்சினேன். மார்கழி பிறந்து, அடித்த ஒரு காற்றுக்கே சாய்ந்துவிட்டது. வேரைத் தொட்டால் தோல் கையோடு வந்தது. அழுகல் நாற்றம்.

அவள் கட்டிலிலிருந்து தோட்டம் தெரியாது.

"பூத்துச்சாங்க?"

"மொட்டு வச்சிக்கினு இருக்குது."

ரெண்டு நாள் இப்படியே ஓட்டினேன். மூன்றாம் நாள் டவுன் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். வரப்பு மரத்தில் பூவோடு ஒரு கிளையை ஒடித்தேன். உள்ளங்கையெல்லாம் முள் கிழித்துவிட்டது.

கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். மூக்குக்கிட்ட வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"பாத்தியா, நான் வளத்த மரம்!" என்றேன். வாய்ப்பழக்கம்.

"நீங்களா? ஆசையப் பாரு. நான் வச்சது. தண்ணி ஊத்தாம வளத்தது." மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

நான் யாருக்கும் விட்டுக் கொடுத்துப் பேசினவன் இல்லை.

"ஆமா, நீ வச்சதுதான். நான் ஒண்ணும் பண்ணல."

ரெண்டு பூவைக் காதோரம் செருகச் சொன்னாள். செருகினேன்.