குழாய் இறங்காத கோபுரம்

எலும்பில் புற்றுநோய் பரவிய பிறகு அண்ணன் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்கு இருப்பாரா என்பது உறுதியில்லை என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார். அண்ணன், பட்டறை மாடியில் இருந்த வயர்லெஸ் செட்டை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார், அவ்வளவுதான்.

பம்பு செட்டுக்கு உதிரி பாகங்களை லேத்தில் கடையும் பட்டறை அவருடையது. பொழுதுபோக்காக, முறைப்படி உரிமம் வாங்கி வயர்லெஸ்ஸில் பேசிவந்தார். பொள்ளாச்சியில் ஒரு நண்பர், பல்லடத்தில் ஒருவர். காலை காபிக்கு முன் மூவரும் மழையையும் முட்டை விலையையும் பேசி முடித்துவிடுவார்கள்.

வீடு இருந்தது பள்ளத்தில்; அங்கிருந்து பேசினால் வெளியே எட்டாது. அதனால் கொல்லையில் இரும்புக் கோபுரம் ஒன்று எழுப்பினோம். அதன் உச்சியில் ஓர் உறை; அதற்குள் ஜி.ஐ. குழாய் இறங்கி நிற்க வேண்டும். குழாயின் தலையில் ஆன்டெனா. உறையை அண்ணனின் பட்டறையிலேயே கடைந்தார்கள். செருகிப் பார்த்தபோது குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கியது, துளி ஆட்டமில்லை. பிறகு துருப்பிடிக்காமலிருக்க உறைக்கு நாகம், அதாவது துத்தநாகம், பூசி வாங்கி, உச்சியில் முடுக்கினோம்.

ஆனி மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று தொடங்கியிருந்தது. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வந்த கோபுரம் ஏறுபவர் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு மேலே போனார். நான் கீழேயிருந்து கயிற்றை இழுத்தேன். அண்ணன் கட்டிலை வாசலுக்குப் போடச் சொல்லிப் படுத்தபடி பார்த்தார்.

குழாய் உறையின் வாயில் உட்கார்ந்தது. இறங்கவில்லை.

"ஏனுங்ணா, பொண்ணு வெரலுக்கு மோதரம் அளவெடுத்த மாதிரி கடஞ்சிருக்கீங்க! போவ மாட்டேங்குதுங்க!"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "நாகம்," என்றார். பூச்சுக்கும் ஒரு கனம் உண்டு; உறையின் துளை அந்த அளவுக்குக் குறுகியிருந்தது. பம்புக்குள் போகும் பாகத்துக்கு யாரும் நாகம் பூசுவதில்லை. அதனால் பட்டறையில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"சுத்தியல்ல நாலு போடு போட்டா எறங்கீருமுங்க!"

காற்று ஒரு முறை வீசியது. குழாய் சாய்ந்தது; மேலே இருந்தவர் இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கயிறு என் உள்ளங்கையில் இழுபட்டது.

"அடிக்கட்டுமே," என்றார் அண்ணி மெல்ல. "இன்னைக்கு உட்டா காத்து நிக்க ஆவணி ஆயிருமுங்க."

அண்ணன் அவரைப் பார்த்தார். எல்லாம் தெரிந்தவரின் பார்வை அது. பிறகு தலையைத் தூக்கி, இருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினார்: "எறங்கு கண்ணு! கொழாய எறக்கிப்போட்டு நீயும் எறங்கு!"

"காத்து நின்னதும் வாரேனுங்ணா," என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்தவர் காபி குடித்துப் போனார்.

காற்று நிற்கவில்லை. அந்த ஆண்டு விடியற்காலையில்கூட விடவில்லை. அறையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு கம்பியைக் கட்டி, செட்டோடு இணைத்துக் கொடுத்தேன். உயரமான ஆன்டெனாக்களிலிருந்து பேசிய நண்பர்களின் குரல் அதில் இரைச்சலோடு வந்தது. அண்ணனின் குரல் பள்ளத்தைத் தாண்டவில்லை.

தினமும் காலையில் இருவரும் உரிமத்தோடு அவருக்குக் கிடைத்த அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சற்றுப் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார்கள். அண்ணன் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தி, "இருக்கேனுங்க, சொல்லுங்க," என்றார். பதில் வராததால் அவர்கள் தங்களுக்குள் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பேச்சு முடியும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.