எதிராளி இல்லாமல் படிக்க முடியாத பாடம்

வக்கீல் மகேஸ்வரி இறந்த செய்தி எனக்குப் போனில் வந்தது. செய்தி என்பதா, போஸ்டர் என்பதா தெரியவில்லை. எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கைகூப்பிக்கொண்டு முக்கால்வாசிப் படத்தில் நிற்கிறார். கீழே மூலையில் தபால் முத்திரை அளவுக்கு மகேஸ்வரியின் முகம். பொகவந்தலாவை பஸ் நிலையத்தில் என் ஓட்டோவுக்குள் சவாரிக்குக் காத்து உட்கார்ந்து அதைப் பார்த்தபோது, தலைவர்தான் போய்விட்டார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் பரிதாபப்பட்டும்விட்டேன். விஷயம் புரிந்தபோது அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

ஹட்டனிலும் கொழும்பிலும் அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். அதிலும் கணக்குப் பாடம் இரண்டு தரம் என்னைக் கைவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகேஸ்வரி எங்கள் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து ஹட்டன் கோர்ட்டில் வாதாடியவர். நாற்பத்து நான்கு வயதில் கொழும்பில் சட்ட முதுமாணிப் படிப்பில் சேர்ந்தார். அதில் பேச்சுவார்த்தை நடத்துவது எப்படி என்று ஒரு பாடம். “பேசத் தெரியாமலா இவ்வளவு நாள் வக்கீலா இருந்தீங்க?” என்று கேட்டேன். “ஜட்ஜுகிட்டப் பேசத் தெரியும்ணே. மாட்டேன்னு சொல்ற ஆளுகிட்டயே நேராப் பேசத்தான் தெரியல” என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவரை ஹட்டன் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுவது நான். வகுப்பில் வாரம் ஒரு தகராறை எழுதிக் கொடுப்பார்களாம். ஒருவர் ஒரு பக்கம், இன்னொருவர் மறுபக்கம். பழகிப் பார்க்க எதிராளி வேண்டும். போகிற வழியில் அகப்பட்ட எதிராளி நான். ஆஸ்பத்திரி நிர்வாகமாக இருந்திருக்கிறேன், விவாகரத்துக் கேட்கும் புருஷனாக இருந்திருக்கிறேன். ஒரு வாரம் கப்பல் கம்பெனி முதலாளி. நோர்வூட் தாண்டுவதற்குள் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.

“என்னண்ணே, நான் கேக்குறதுக்கு முன்னாடியே கப்பலத் தூக்கிக் குடுத்துட்டீங்க?”

“நீங்க மூஞ்சியச் சுருக்குனீங்க. பாவமா இருந்திச்சு.”

“அது மழைத்தண்ணி மூஞ்சில அடிச்சதுக்குண்ணே.”

அன்றைக்குத்தான் இதைச் சொன்னார்: “அவங்க மாட்டேன்னா நாளைக்குக் காலையில நாம என்ன செய்வோம்? இதுக்குப் பதில் இல்லாம யார் முன்னாலயும் போய் உக்காரக் கூடாது.” நான் தலையை ஆட்டினேன். எனக்கு நன்றாக வருகிற வேலை அது.

என் மகள் சுகன்யா கொழுந்து எடுக்கிறாள். ஏழாம் நம்பர் மலையிலிருந்து லயத்துக்கு நாற்பது நிமிஷ நடை. மலையில் கக்கூசு கிடையாது. அட்டை ஏறுகிற பற்றைக்குள் ஒருத்தி போக இன்னொருத்தி காவல் நிற்க வேண்டும். அதற்குப் பயந்து காலையில் தண்ணீரே குடிக்கமாட்டாள். நீர்க்கடுப்பு வந்து இரண்டு தரம் டிஸ்பென்சரியில் கிடந்தாள். மகேஸ்வரி தன் படிப்பில் எழுதிக் கொடுக்க வேண்டிய கடைசி ஒப்படைக்கு நிஜமான ஒரு தகராறை எடுக்க வேண்டியிருந்தது. இதை எடுத்தார். நாலு மலைக்கு நாலு மலசலகூடம். பெண்களும் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார வேண்டும் என்றார். சங்கக் கமிட்டியில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேரும் ஆண்கள், நானும் அதில் ஒருவன்.

“பொம்பளப் புள்ளைங்களுக்கு இதத் தொரை முன்னால சொல்ல வெக்கமா இருக்கும்” என்றேன்.

“ஒங்களுக்கு?”

“நாங்க ஆம்பளைங்க.”

நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். பெண்கள் இல்லாமலே போவதென்று முடிவானது.

வாசிகசாலையில் ஒத்திகை வைத்தார். தோட்டத்து மேனேஜர் துரையாக அவரே நடித்தார். வாசலில் அவர் கால் வைத்ததும் நாங்கள் ஐந்து பேரும் எழுந்து நின்றோம். வெளியே போய்த் திரும்ப வந்தார். திரும்பவும் நின்றோம். துரையைக் கண்டால் தானாக நிமிர்கிற முழங்கால் எங்களுக்கு. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் அப்பன்மார் நின்று நின்று பழக்கியது. மூன்றாம் தரம் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். “ஒங்க முழங்காலுக்குத் தனியா கிளாஸ் எடுக்கணும்ணே” என்றார் என்னைப் பார்த்து.

பேச்சு நாளன்று ஹட்டனில் அவருடைய வழக்கு இழுத்துவிட்டது. “நான் வர்ற வரைக்கும் டீய மட்டும் குடிங்க” என்று போனில் சொன்னார். குடித்தோம். கெட்டதே அதில்தான். தங்கக்கரை போட்ட கோப்பை, பிஸ்கட்டு. துரை தன் கையால் எனக்குக் கதிரை இழுத்துப்போட்டு ‘மிஸ்டர்’ என்றார். ஐம்பத்திரண்டு வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆபீசுக்குப் பக்கத்தில் டைல்ஸ் போட்டு ஒன்று கட்டித்தருவதாகச் சொன்னார், மற்றதைப் பிறகு பார்க்கலாமாம். தலைவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் பிஸ்கட்டைப் பார்த்தோம். ஐந்து கையெழுத்தும் விழுந்தது. நான் என்னுடையதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

மகேஸ்வரி வந்து தாளை வாசித்தார். “ஆபீஸ் பக்கத்துல யாருண்ணே கொழுந்து எடுக்குறா?” என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கட்டினார்கள். பூட்டினார்கள். ஃபெக்டரி பார்க்க வருகிறவர்களுக்காகச் சாவி வாட்சரிடம் இருக்கிறது. சுவரில் எங்கள் ஐந்து பேருடைய பெயர்ப்பலகை. சுகன்யா அதை வாசித்துவிட்டு, “ஒங்க பேரு நல்லாருக்குப்பா. உள்ளதான் போக முடியல” என்றாள்.

அந்தத் தோல்வியை மகேஸ்வரி மறைக்காமல் ஒப்படையாக எழுதினார். பெண்களை மேசைக்குக் கொண்டுவராதது தன்னுடைய பிழை என்றே எழுதினாராம். “நம்ம தோத்ததுக்கு எனக்கு ‘ஏ’ கிரேடு குடுத்திருக்காங்கண்ணே. அருவருப்பா இருக்கு” என்றார்.

பிறகு திரும்ப ஆரம்பித்தார், இந்த முறை பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு. வேலை நாளில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. துரையாக நடிக்க என்னைக் கூப்பிட்டார். என் மகள் என்னைக் கேட்ட கேள்விகளில் பாதி துரைக்கு, பாதி அப்பனுக்கு. பேச்சுக்கு ஆபீசில் நாளும் வாங்கிவிட்டார்கள். அதற்கு மூன்று நாள் இருக்கும்போது நெஞ்சுவலி வந்து மகேஸ்வரி போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்துக்குத் துரையும் வந்தார். தலைவர் தன்னைப் பற்றி நீளமாகப் பேசினார். கடைசியில், ஆபீஸ் பக்கத்து மலசலகூடத்துக்கு மகேஸ்வரியின் பெயர் வைக்கப்படும் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் தட்டினேன்.

சுகன்யா எழுந்தாள். “பேரு வேணாங்கையா, கதவு போடுங்க. நாலு மலைக்கு நாலு.”

“எழவு வீட்டுல இதப் பேசலாமா தங்கச்சி?” என்றார் தலைவர்.

“நீங்கதானே ஐயா ஆரம்பிச்சீங்க” என்றாள். பிறகு துரையைப் பார்த்து, “இல்லன்னா நாளையிலருந்து தேவப்பட்டா வேல நேரத்துல லயத்துக்கே நடந்து வந்துட்டுப் போவோங்க. போக நாப்பது நிமிஷம், வர நாப்பது.”

“எத்தனை பேர்?” என்றார் துரை.

“எல்லாரும்.”

அப்படியே நடந்தார்கள். இன்றைக்கு ஏழாம் நம்பரிலும் ஒன்பதாம் நம்பரிலும் கக்கூசுக்குக் குழி வெட்டியாகிவிட்டது. மற்ற இரண்டு மலைப் பெண்கள் இன்னும் நடக்கிறார்கள்.

மகேஸ்வரி படித்த பாடத்தில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் பிரதி ஒன்று என் ஓட்டோவில் இருக்கிறது. பழசை விடுங்க என்கிறார்கள். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் என் பெயருக்குக் கீழே நான் இழுத்த அந்தக் கோடு அருவருப்பாக இருக்கிறது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த அருவருப்புத்தான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது ஆறிப்போனால், அடுத்த தங்கக்கரைக் கோப்பைக்கு நான் மறுபடியும் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.