மூன்று மைதீன்களும் ஒரு பட்டியலும்

டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் வாஷி ஆபீசில் எல்லோருக்கும் ஒரு படிவம் வரும். 'இந்த ஆண்டு என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்று கேட்டிருப்பார்கள். பக்கத்து சீட்டுப் பெண் பத்தே நிமிடத்தில் அடித்து அனுப்பிவிட்டாள். நான் பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் நிரப்பும் படிவத்துக்குப் பென்சில் எதற்கு என்று கேட்காதீர்கள், பழக்கதோஷம். சீவல் வாசனை மூக்கில் ஏறியதும் எண்பதுகளின் பம்பாய் மாட்டுங்கா வந்துவிட்டது.

அப்போதெல்லாம் புரோகிராம் எழுதுவது என்றால் உண்மையாகவே எழுதுவதுதான். கட்டம் போட்ட தாளில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாகப் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவோம். ஆபீசுக்கே ஒரு கம்ப்யூட்டர். அது ஏசி அறையில் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். நாங்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். என் வாப்பா தாராவிப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் தைக்கிற வேலை பார்த்தார். தோல் தைப்பவர் மகன் வெறுங்காலோடு சம்பளம் வாங்குகிறான் என்று உம்மா சிரிப்பார்.

அந்த வருஷக் கடைசியில் எங்களுக்கு வந்த வேலை, வாப்பாவின் தொழிற்சாலையுடையதுதான். ஜனவரி ஒன்றிலிருந்து கம்ப்யூட்டர் பட்டியலில் பேர் உள்ளவருக்கு மட்டுமே கேட் திறக்கும், ஒரு பேருக்கு ஒரு ஆள் என்று முதலாளி உத்தரவு போட்டிருந்தார். வெட்டும் பிரிவும் தைக்கும் பிரிவும் தனித்தனியாகப் பட்டியல் கொடுத்திருந்தன. இரண்டிலும் வேலை செய்கிறவர்கள் இரண்டு தடவை வந்தார்கள். "ரிப்பீட் ஆகிற பேரையெல்லாம் எடுத்துடு" என்றார் எங்கள் மேனேஜர் தேசாய். எட்டு வரியில் எழுதிக் கொடுத்தேன். பட்டியல் சட்டென்று இளைத்துவிட்டது. எனக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று மத்தியானம், ஒரு பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தாராவியில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். லேபர் கேம்ப் குடியிருப்பு வழியாக நடந்தால் இருபது நிமிடம். வாப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "உங்க பேரு கம்ப்யூட்டர்ல வந்திருக்கு வாப்பா, பாருங்க" என்று 'ஷேக் மைதீன்' என்ற வரியில் விரலை வைத்தேன்.

வாப்பா சுலைமானி டீயை உறிஞ்சியபடி கேட்டார்: "ஏல, இது எந்த மைதீன்?"

பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டேன். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது. பம்பாய் ஃபாரத்திலோ அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அதனால் தொழிற்சாலை குமாஸ்தா எல்லோருக்கும் 'ஷேக்' என்று போட்டுவைத்திருந்தார். தெற்கே எங்கள் சொந்த ஊரிலோ வீட்டுக்கு ஒரு மைதீன். இங்கேயும் ஒரே சந்தில், ஒரே தொழிற்சாலையில் நெட்டை மைதீன், கண்ணாடி மைதீன், பால் சேர்க்காத டீயே கதியென்று கிடந்த என் வாப்பா சுலைமானி மைதீன் என்று மூன்று பேர். பட்டியலில் இருந்தது ஒரே மைதீன். மற்ற இருவரை நான் கழித்திருந்தேன். இதெல்லாம் தெரியாத வெளியாளா நான்? அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்தவன்!

"நெட்டையன் பேரு எங்க? கண்ணாடிக்காரன் எங்கல?" என்று வாப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கைகூடக் கழுவாமல் ஓடினேன். நாலு மணிக்குத் தொழிற்சாலை ஆள் பட்டியலை வாங்க வந்துவிடுவார்.

ஓடிய வேகத்தில் செருப்போடு ஏசி அறைக்குள் புகுந்துவிட்டேன். தேசாயிடம் முதல் திட்டு செருப்புக்குத்தான் விழுந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

பேர்களை டைப் செய்த விசாலம் மாமிதான் முதலில் வாயைத் திறந்தார். "பேரைப் பாத்து ஆளைக் கழிச்சயாடா? எங்க பில்டிங்ல மட்டும் நாலு சுப்பிரமணியன் இருக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டு, அலமாரியிலிருந்து முதல் ஃப்ளாப்பியை எடுத்தார். கம்ப்யூட்டரை நம்பாத மாமி, நான் கைவைப்பதற்கு முந்திய பட்டியலை அப்படியே பத்திரமாக வைத்திருந்தார். அதில் ஒவ்வொருவருக்கும் தொழிற்சாலை கொடுத்த டிக்கெட் நம்பரும் இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நம்பர். பேருக்குப் பதிலாக நம்பரை ஒப்பிடும்படி மாற்றினேன். எழுதிய அவசரத்தில் பென்சில் இரண்டு தடவை முறிந்தது.

தொழிற்சாலை ஆள் வெளியே டீ குடித்துக் காத்திருக்க, பிரிண்டர் கரகரவென்று ஓடியது. மூன்று ஷேக் மைதீன்களும் பக்கத்தில் நம்பரோடு வந்து விழுந்தார்கள். நம்பர்களை ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, நான் இளைக்கவைத்த பட்டியலில் தப்பியவர் நெட்டை மைதீன். நான் வெளியே தள்ளியவர்களில் ஒருவர் என் வாப்பா. "பச் கயா", தப்பித்தாய் என்று தேசாய் என் முதுகில் ஒன்று வைத்தார். வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை கேட்டுக்கு எதிரே நின்றேன். மூவரும் நம்பர் சொல்லி ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். வாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. நல்லவேளை, எனக்குக் கண் கலங்கியிருந்தது.

அந்தத் தொழிற்சாலை போய்விட்டது. மூன்று மைதீன்களும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். போன மாதம் எங்கள் சந்தின் வாக்காளர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஜைத், ரெஹான், அர்மான் என்று ஆளுக்கொரு பேர். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு மைதீன் இல்லை. குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஃபாரத்தில் குழப்பம் வருமென்று பயந்து என் மகனுக்கே அந்தப் பேரை நான் வைக்கவில்லை. அந்த எட்டு வரியைப் பிழையோடு அப்படியே இன்று ஓட்டினாலும் எங்கள் சந்தில் ஒருவரும் கழிய மாட்டார்கள்.